ஜன்னலுக்கு வெளியே ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'டிஃபெனஸ்ட்ரேட்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவது என்று பொருள். அவ்வளவுதான். கதவு வழியாகத் தள்ளினால் இந்தச் சொல் செல்லாது. மொட்டை மாடியிலிருந்து உருட்டிவிட்டாலும் செல்லாது. ஜன்னல் வழியாகத்தான் போகணும்.

முதன்முதலாக அகராதியில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு செயலுக்குத் தனியாக ஒரு சொல் பிறக்கிறதென்றால், அந்தச் செயல் அடிக்கடி நடந்திருக்க வேண்டும், அல்லது ஒரு தடவை நடந்ததே உலகத்தைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். இதில் எது என்று தேடப் போனேன். இரண்டும்தான் என்று தெரிந்தது. அதுவும் எல்லாம் ஒரே ஊரில்: இன்றைய செக் நாட்டின் தலைநகரமான பிராக்.

கதைக்குப் போவதற்கு முன் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

காற்றின் கண்

லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல். முன்னால் நிற்கும் 'டி' என்பதற்கு 'அதிலிருந்து கீழே, அதை விட்டு வெளியே' என்று பொருள். ஜெர்மன்காரர்களின் 'ஃபென்ஸ்டர்', இத்தாலியர்களின் 'ஃபினெஸ்ட்ரா' எல்லாம் அந்த லத்தீன் சொல்லின் வாரிசுகள். ஆங்கிலேயர்கள் மட்டும் 'விண்டோ' என்கிறார்கள். அது வடக்கே இருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளின் சொல். பழைய நோர்ஸ் மொழியில் அதன் பொருள் 'காற்றின் கண்'.

இதைப் படித்ததும் நமக்கு நம்முடைய பழைய சொல் ஞாபகம் வரணும். காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்திலேயே வருகிற சொல். இன்னொரு பழைய சொல்லான பலகணியில் கண்ணும் இருக்கிறது. காற்று வரவும் கண் பார்க்கவும் சுவரில் விட்ட துளை என்றுதான் இரண்டு மக்களும் யோசித்திருக்கிறார்கள்.

நாம் இன்று புழங்கும் 'ஜன்னல்' போர்ச்சுகீசியர்களிடமிருந்து வந்தது. அவர்கள் 'ஜனெலா' என்றார்கள். அதன் மூலம் 'வாசல்' என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். ஆக ஜன்னல் என்றால் குட்டி வாசல். வாசல் என்று பேர் வைத்துவிட்டால் அதன் வழியாக ஆளை அனுப்புவதில் என்ன தப்பு என்று பிராக் நகரத்தார் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது!

முதல் ஜன்னல்: 1419

யான் ஹுஸ் என்பவர் பிராக் நகரின் போதகர், பல்கலைக்கழகப் பேராசிரியர். திருச்சபையின் பணத்தாசையையும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையையும் கடுமையாகக் கண்டித்தவர். லூதருக்கு நூறு வருஷம் முன்னால். கான்ஸ்டன்ஸ் நகரில் நடந்த திருச்சபைச் சங்கத்துக்கு அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். 'பத்திரமாகப் போய்வரலாம்' என்று சிகிஸ்மண்ட் அரசர் உறுதிக் கடிதமும் கொடுத்திருந்தார். 1415 ஜூலை 6 அன்று அங்கேயே அவரை உயிரோடு எரித்தார்கள்.

ஊர் கொதித்தது. ஹுஸின் ஆட்கள் ஒரு கிண்ணத்தைத் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. பூசையில் சாதாரண மக்களுக்கு அப்பம் மட்டும்தான் தருவார்கள், திராட்சை ரசம் குருவானவருக்கு மட்டும். 'எங்களுக்கும் கிண்ணம் வேண்டும்' என்பது இவர்களுடைய கோரிக்கை. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். கடவுளின் முன்னால் குருவும் குடியானவனும் சமமா இல்லையா என்பதுதான் அதற்குள் இருந்த கேள்வி.

1419 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. யான் ஷெலிவ்ஸ்கி என்ற குருவானவர் தன் சபையாரோடு ஊர்வலமாகப் புதுநகர மன்றக் கட்டடத்துக்கு வந்தார். சிறையில் இருக்கும் எங்கள் ஆட்களை விடுங்கள் என்று கேட்டார்கள். மன்றத்தார் மறுத்தார்கள். மேலே ஜன்னலிலிருந்து யாரோ ஊர்வலத்தின் மேல் கல் எறிந்ததாகவும் சொல்வார்கள். கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு மாடி ஏறியது. நகரத் தலைவரும் மன்ற உறுப்பினர்களுமாகப் பத்துப் பேரளவில் ஜன்னல் வழியாக வெளியே போனார்கள். கீழே நின்றவர்கள் ஈட்டிகளை நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

சேதி கேட்ட மன்னர் நான்காம் வென்ஸஸ்லாஸ் அதிர்ச்சியில் விழுந்தார், சில நாட்களில் இறந்தே போனார். பிறகு பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஹுஸ்ஸைட் போர்கள். அன்று கூட்டத்தோடு இருந்த யான் ஷிஷ்கா என்ற ஒற்றைக்கண் வீரர்தான் அந்தப் போர்களின் பெரிய தளபதி. பிற்பாடு இன்னொரு கண்ணும் போன பிறகும் படை நடத்தியவர். ஷெலிவ்ஸ்கியின் முடிவு வேறு மாதிரி. 1422ல் பழைய நகர மன்றத்துக்கு அவரை வரவழைத்துத் தலையை வெட்டிவிட்டார்கள். மன்றக் கட்டடம் மாறியது, முறை மாறவில்லை.

1483லும் ஒரு முறை நடந்தது. அப்போதும் மதச் சண்டைதான். பழைய நகரத் தலைவரையும், கொல்லப்பட்ட புதுநகர உறுப்பினர்களின் உடல்களையும் ஜன்னல் வழியாக எறிந்தார்கள். இது கொஞ்சம் அடங்கிய கதை. இரண்டு வருஷத்தில் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. அதனால் வரலாற்றாசிரியர்கள் பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மூன்று பேர் பிழைத்த கதை: 1618

உலகப் புகழ் பெற்ற ஜன்னல் இதுதான்.

1609ல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், பொஹீமியாவின் புரோட்டஸ்டண்ட் மக்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்து ஒரு சாசனம் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை மதிக்கவில்லை. ஓர் ஊரில் தேவாலயத்தை மூடினார்கள், இன்னோர் ஊரில் இடித்தார்கள். புரோட்டஸ்டண்ட் பிரபுக்கள் கூடிப் பேரரசருக்கு மனு எழுதினால், 'இனிமேல் கூடவே கூடாது' என்று பதில் வந்தது.

1618 மே 23 காலை. துர்ன் பிரபு தலைமையில் ஒரு பெரிய கூட்டம் பிராக் கோட்டைக்குள் நுழைந்து, மாடியில் இருந்த ஆட்சி அலுவலகத்துக்குப் போனது. அங்கே மன்னரின் பிரதிநிதிகள் நான்கு பேர். 'அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி யோசனை கொடுத்தது நீங்கள்தானா?' என்று கேள்வி. நான்கில் இரண்டு பேர் மேல் கோபம் இல்லை. அவர்களை வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேர் யரோஸ்லாவ் மார்ட்டினிட்ஸ், வில்லெம் ஸ்லவாட்டா. ஒரு குட்டி விசாரணை, உடனே தீர்ப்பு.

மார்ட்டினிட்ஸ் முதலில் போனார். ஸ்லவாட்டா ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார், யாரோ குறுவாளின் பிடியால் விரல் முட்டியில் அடிக்க, அவரும் போனார். மூன்றாவதாக அவர்களுடைய எழுத்தர் ஃபிலிப் ஃபாப்ரிசியஸ். பாவம், கடிதத்தைப் படியெடுத்து எழுதுகிற மனுஷன். பெரிய இடத்துச் சண்டையில் குமாஸ்தாவும் ஜன்னலுக்கு வெளியே.

சுமார் 70 அடி உயரம் என்று பொதுவாக எழுதுவார்கள். மூன்று பேருமே பிழைத்துவிட்டார்கள்!

எப்படி? கத்தோலிக்கர்கள் சொன்னார்கள்: கன்னி மரியாள் தன் மேலாடையை விரித்துத் தாங்கிக்கொண்டாள். புரோட்டஸ்டண்ட்டுகள் சொன்னார்கள்: கீழே எருக்குவியல் இருந்தது, அதில் போய் விழுந்தார்கள். எருக்குவியல் கதை பின்னாளில் ஒட்டிக்கொண்டது என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. தடித்த மேலங்கியும் சரிவான நிலமும் காப்பாற்றியிருக்கலாம். ஒரே வீழ்ச்சி, கீழே இருந்தது தெய்வமா சாணியா என்பது கேட்பவரின் மதத்தைப் பொறுத்தது.

எழுத்தர் வியன்னாவுக்கு ஓடிப் பேரரசரிடம் நடந்ததைச் சொன்னார். பின்னாளில் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'ஃபான் ஹோஹென்ஃபால்'. தமிழில் 'உயரவீழ்ச்சியார்' என்று சொல்லலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவரைத் தள்ளினார்கள், பட்டமோ அவர் 'விழுந்ததை'த்தான் சொல்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

ஜன்னலுக்கு ஒரு நியாயம்

கோபத்தில் கூட்டம் ஏதோ செய்துவிட்டது என்று இதை ஒதுக்க முடியாது. தள்ளியவர்கள் பிற்பாடு அச்சடித்து வெளியிட்ட விளக்கத்தில், தாங்கள் செய்தது சரியே என்று வாதாடினார்கள். பொது அமைதியைக் கெடுப்பவர்களை உயரத்திலிருந்து எறிவது பழைய வழக்கம், ரோமானியர்கள் பாறையிலிருந்து எறியவில்லையா, வேதாகமத்தில் யேசபேல் ராணியை ஜன்னலிலிருந்து தள்ளவில்லையா என்று முன்னுதாரணம் காட்டினார்கள்.

யேசபேல் கதை தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். யெகூ தெருவில் நின்று சொல்ல, மேலே இருந்த ஊழியக்காரர்கள் அவளைத் தள்ளிவிடுகிறார்கள். ஆக 1618ல் அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்ததே ஒரு வாதம். ரகசியமாகக் கத்தியால் குத்தினால் கொலை. ஊரறிய ஜன்னலிலிருந்து எறிந்தால் தண்டனை. 1419ல் பாட்டன்கள் செய்ததை நாங்களும் செய்தோம், செய்தது நாங்கள்தான் என்று அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள்.

அதற்கான விலை பயங்கரமானது. 1619ல் பொஹீமியர்கள் ஃபெர்டினாண்ட் மன்னரை நீக்கிவிட்டு ஐந்தாம் ஃப்ரெட்ரிக் என்ற ஜெர்மன் இளவரசரைக் கூட்டி வந்து முடிசூட்டினார்கள். 1620 நவம்பர் 8 அன்று பிராக்குக்கு வெளியே வெள்ளைமலை என்ற இடத்தில் சண்டை. ஓரிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு குளிர்காலம் ஆண்டதால் ஃப்ரெட்ரிக்குக் 'குளிர்கால ராஜா' என்று கேலிப்பெயர். 1621 ஜூன் 21 அன்று பழைய நகரச் சதுக்கத்தில் கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றினார்கள். இன்றும் அந்த இடத்தில் தரையில் 27 சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். புரோட்டஸ்டண்ட் குடும்பங்கள் சொத்தை இழந்து நாடு கடந்தன. கல்வியாளர் கொமேனியஸ் 1628ல் அப்படிப் போனவர்தான்.

சண்டை பொஹீமியாவோடு நிற்கவில்லை. டென்மார்க், ஸ்வீடன், பிரான்ஸ், ஸ்பெயின் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்து, முப்பது வருஷப் போர் ஆனது. போரிலும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் செத்தவர்கள் 45 லட்சத்திலிருந்து 80 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். 1648ல் சமாதானம் கையெழுத்தானபோதும் ஸ்வீடன் படைகள் பிராக் நகரின் பாலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஜன்னல் இருந்த அதே கோட்டை அப்போது அவர்கள் கையில்.

இதில் ஒரு வேடிக்கை. தள்ளச் சொன்ன துர்ன் பிரபு 1640ல் வெளிநாட்டில் இறந்தார். தள்ளப்பட்ட மார்ட்டினிட்ஸ் 1649 வரையும் ஸ்லவாட்டா 1652 வரையும் இருந்தார்கள். இரண்டு பேருமே பெரிய பதவிகளில் உட்கார்ந்து முழுப் போரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது?

குளிர்கால ராஜாவின் மனைவி எலிசபெத், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். 'நம்ம பொண்ணைக் கட்டிக்கொடுத்த இடம்' என்பதால் பொஹீமியச் செய்திகளை லண்டனில் ஆவலாகப் படித்தார்கள். சம்பவம் நடந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே 'டிஃபெனஸ்ட்ரேஷன்' என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டிவிட்டது. 'டிஃபெனஸ்ட்ரேட்' என்ற வினைச்சொல் அதிலிருந்து வெகு காலம் கழித்து உருவிய சொல்.

இது ஏன் சிரிப்பூட்டுகிறது? நடந்தது தெருச்சண்டை, சொல்லோ லத்தீன் பட்டாடை கட்டி நிற்கிறது. நாம் 'அவனைத் தூக்கிக் கடாசினார்கள்' என்று சொல்வதை யாராவது 'அன்னாரைப் பலகணிநீக்கம் செய்தனர்' என்று கோப்பில் எழுதினால் எப்படி இருக்கும்? அந்தச் சிரிப்புத்தான். அதனால் இப்போது அதை விளையாட்டாகவே பயன்படுத்துகிறார்கள். கட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினால் டிஃபெனஸ்ட்ரேட். கம்ப்யூட்டர்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. கணினியிலிருந்து விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டால், அதற்கும் டிஃபெனஸ்ட்ரேட்!

நானும் அந்தச் சொல்லை அப்படித்தான் ரசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஜன்னலைப் பற்றிப் படிக்கும் வரை.

குளியலறை ஜன்னல்: 1948

யான் மசாரிக், செக்கோஸ்லோவாக்கியாவின் வெளியுறவு அமைச்சர். நாட்டின் முதல் ஜனாதிபதி தோமாஷ் மசாரிக்கின் மகன். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியை முழுசாகக் கைப்பற்றினார்கள். மற்றக் கட்சி அமைச்சர்கள் பலர் ராஜினாமா செய்தபோதும் இவர் பதவியில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 10 விடிகாலை, வெளியுறவு அமைச்சகம் இருந்த செர்னின் மாளிகையின் முற்றத்தில் அவர் உடல் கிடந்தது. இரவு உடையில் இருந்தார். நேர் மேலே அவர் குடியிருந்த பகுதியின் குளியலறை ஜன்னல்.

அரசாங்கம் 'தற்கொலை' என்றது. ஊரில் ஒரு ஜோக் பரவியது. மசாரிக் ரொம்ப ஒழுங்கான மனுஷன், குதித்த பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் விழுந்தார் என்று. வாயைத் திறந்து பேச முடியாத காலத்தில் மக்கள் எழுதிய பிரேதப் பரிசோதனை அறிக்கை அது.

1968ல் விசாரித்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகும் விசாரித்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராக் போலீஸ் இது கொலை என்று முடிவு சொன்னது. 2019ல் மறுபடி திறந்தார்கள். 2021ல், இருக்கிற ஆதாரங்களை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு நாடு கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றியது. குதித்தாரா, விழுந்தாரா, தள்ளினார்களா?

தன்வினை, பிறவினை

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். விழுந்தான், வீழ்த்தினான். உருண்டான், உருட்டினான். முதலாவதில் செய்கிற ஆள் அவனே. இரண்டாவதில் இன்னொரு கை இருக்கிறது. ஒரு எழுத்து வல்லினமாக மாறுவதில் ஒரு குற்றவாளி உள்ளே வந்துவிடுகிறான், அல்லது தப்பிவிடுகிறான்.

பிராக்கின் ஜன்னல்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 1419லும் 1618லும் தள்ளியவர்கள் 'தள்ளினோம்' என்றார்கள். அது கொடூரம்தான், ஆனால் கணக்கு கேட்க ஆள் இருந்தார்கள். 27 சிலுவைகள் அந்தக் கணக்குத்தான். 1948ல் ஜன்னல் இருந்தது, உடல் இருந்தது, தள்ளிய கை மட்டும் இல்லை. ஜெர்மன் மொழியில் 1618 சம்பவத்துக்கே 'ஜன்னல் வீழ்ச்சி' என்றுதான் பெயர். ஆங்கிலச் சொல் எவ்வளவு கோமாளித்தனமாக ஒலித்தாலும் ஒரு நேர்மை அதற்கு உண்டு. அது பிறவினை. யாரும் தானாக டிஃபெனஸ்ட்ரேட் ஆவதில்லை, யாரோ செய்யணும்.

2022 செப்டம்பரில் ரஷ்ய எண்ணெய் நிறுவனமான லூக்காயிலின் தலைவர் ரவில் மகானோவ் மாஸ்கோவில் ஒரு மருத்துவமனை ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தபோது, இணையத்தில் இந்தச் சொல்லை வைத்து ஏகப்பட்ட ஜோக்குகள். நடந்தது என்ன என்பது வேறு விஷயம். செய்தி 'விழுந்தார்' என்று தன்வினையில் சொன்னதை, படித்தவர்கள் பிறவினையாக மாற்றிப் படித்தார்கள். பிராக் மக்கள் மசாரிக்கின் ஜன்னலைச் சாத்திவைத்த அதே வேலை.

நமக்கும் இது புதுசு இல்லை. 'போலீசைக் கண்டு தப்பி ஓடியபோது வழுக்கி விழுந்து கை முறிந்தது', 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் போட்டு மீம் செய்து சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பிலேயே நமக்கு உண்மை தெரியும் என்பதும் இருக்கிறது, தெரிந்தும் கேட்கப் போவதில்லை என்பதும் இருக்கிறது. பிராக்காரர்கள் பயத்தில் சிரித்தார்கள். நாம் எதற்காகச் சிரிக்கிறோம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அதனால் அடுத்த முறை யாரோ எங்கிருந்தோ 'விழுந்தார்' என்று படித்தால், அது தன்வினைதானா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ரெண்டு மார்க்குக்காகப் படித்த இலக்கணம் இதற்காவது உதவட்டும்.